ரிம்மின் அழகும் டயரின் பாரமும்



தமிழ்ப்பாடமும் தேர்வுத் தாளும் பற்றியே எழுதிவரும் இந்த ஆசிரியருக்கு டயர் கடையில் என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். வேலை இருக்கிறது. என் மகளும் அண்ணன் பிள்ளைகளும் பயணம் செய்த ஒரு வேனைப் பற்றியது இது.

கிள்ளானில் வாழும் என் அண்ணன் ஒரு பழைய வோல்க்ஸ்வேகன் கொம்பி வேன் வைத்திருக்கிறார். 1970-களில் வந்த வண்டி. பல ஆண்டுகள் தேடி வாங்கி, துருவைச் சுரண்டி, வெள்ளையும் நீலமுமாகச் சாயம் பூசி, குழந்தையைப் போல் வளர்த்தார். ஆனால், அதன் 14 அங்குல இரும்பு ரிம் அவர் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தது. ஆகவே, 16 அங்குல ஸ்போர்ட் ரிம் வாங்கி, 205/55 ஆர் 16 அளவுள்ள டயர்களை மாட்டினார். "ரிம்முக்குச் சரியாகப் பொருந்தும் அண்ணே, கவலைப்படாதீங்க" என்றார் டயர் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யன்று. டயர் ரிம்முக்குப் பொருந்தியது. வேனுக்குத்தான் பொருந்தவில்லை.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் இரு குடும்பமும் ஈப்போவுக்குப் புறப்பட்டோம். பெரியவரும் சிறியவருமாக ஒன்பது பேர். கூடவே துணிப்பைகளும் சமையல் சாமான்களும். நெடுஞ்சாலையில் ஏறுமுன்பே ஒரு குழியில் பின்சக்கரம் 'தடால்' என்று விழுந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. உலு பெர்ணம் ஓய்விடத்தில் இறங்கியபோது, "அப்பா, டயருக்கு வீக்கம் வந்திருக்கு" என்றாள் என் மகள். பின்பக்க டயரின் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவு கொப்புளம்! உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, காற்று வெளிப்புறத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் பார்க்காமல் இருந்திருந்தால்... நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இந்நிகழ்வுக்குப் பிறகுதான் டயரைப் "படிக்க"த் தொடங்கினேன். டயரின் பக்கச்சுவர் ஒரு பாடநூல் போன்றது. எல்லாச் செய்தியும் அதிலேயே அச்சாகியிருக்கிறது; நாம்தான் படிப்பதில்லை.

205/55 ஆர் 16 என்பதில் 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 'ஆர்' என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதுவரை நம்மில் பலருக்குத் தெரியும். அதனை அடுத்து வரும் எண்ணைத்தான் நாம் கவனிப்பதில்லை. அது பாரக் குறியீடு. அண்ணனின் டயரில் 91 என்று இருந்தது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும் என்று பொருள்.

கொம்பிக்குத் தொழிற்சாலை தந்த டயர் 185 ஆர் 14 சி. இதிலுள்ள 'சி' என்ற எழுத்து, சரக்கு வண்டிக்குரிய உறுதியான டயர் என்பதைக் காட்டுகிறது. இன்று கிடைக்கும் இவ்வகை டயர்களின் பாரக் குறியீடு பெரும்பாலும் 102. அதாவது 850 கிலோகிராம்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆட்களும் சாமானும் நிறைந்த கொம்பியின் மொத்த எடை ஏறத்தாழ 2,200 கிலோகிராம். இயந்திரம் பின்னால் இருப்பதால் பாதிக்கும் மேற்பட்ட பாரம் பின்னச்சின் மேல்தான் விழும். 55 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 1,210 கிலோ. ஒரு பின்சக்கரத்திற்கு 605 கிலோ. டயரின் எல்லையோ 615 கிலோ. மிஞ்சுவது வெறும் பத்தே கிலோ! நம் மாணவர்கள் சுமக்கும் இரண்டு புத்தகப் பைகளின் எடைகூட அவ்வளவு இருக்கும். காற்று சற்றுக் குறைந்தாலோ, வளைவில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தாலோ, அந்தப் பத்துக் கிலோவும் காணாமற்போகும். அமெரிக்காவில், மகிழுந்துக்குரிய டயரை வேனுக்கோ லாரிக்கோ மாட்டும்போது அதன் பாரத் திறனை 1.1-ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கின்படி 615 என்பது 559 ஆகச் சுருங்கிவிடும்.

அளவுக்கு மீறிய பாரம் டயரை என்ன செய்கிறது? பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதனால் வெப்பம் பிறக்கிறது. நம் நாட்டு வெயிலில் தகிக்கும் தார்ச்சாலை அதற்கு மேலும் வெப்பம் சேர்க்கிறது. ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் இடையிலான பிணைப்புத் தளர்கிறது. இறுதியில் டயர் வெடிக்கிறது. பக்கச்சுவர் உயரம் குறைந்த டயரோ, குழியில் விழும்போது அடியைத் தாங்கிக்கொள்ள இடமின்றி இழை அறுந்து போகிறது. எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அப்படியென்றால் அழகான ரிம் மாட்டவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாட்டலாம், ஆனால், வரிசை மாறக்கூடாது. முதலில் பாரம், அடுத்து விட்டம், பிறகு ரிம், கடைசியில் அழகு. நாமோ கடைசியிலிருந்து தொடங்குகிறோம்.

15 அங்குல ரிம் வேண்டுமா? 195/70 ஆர் 15 சி என்ற அளவு இருக்கிறது. அதன் பாரக் குறியீடு வழக்கமாக 104. அதாவது 900 கிலோ. அதன் முழு விட்டம் ஏறத்தாழ 654 மில்லிமீட்டர். பழைய 185 ஆர் 14 சி டயரின் விட்டமும் 650-ஐ ஒட்டியதுதான். ஆகவே, வேகமானி பொய் சொல்லாது. அண்ணன் மாட்டிய டயரின் விட்டம் 632 மட்டுமே. மூன்று விழுக்காடு குறைவு.

ரிம்மிலும் படிக்க வேண்டியவை உண்டு. 1971-ஆம் ஆண்டு மாதிரி முதல் கொம்பியின் ரிம் துளை வட்டம், ஐந்து துளைகளுடன் 112 மில்லிமீட்டர். அதற்கு முந்தியவற்றில் 205 மில்லிமீட்டர். மெர்சிடிஸ் பென்ஸ் ரிம்மிலும் 112 என்பதால் பலர் அதனை வாங்கி மாட்டுகிறார்கள். துளை பொருந்தினால் போதாது. ஆப்செட் அளவு மாறினால் சக்கரம் உள்ளே உரசும், அல்லது வெளியே துருத்தும். போல்ட்டின் அமர்விடம் உருண்டையா கூம்பா என்பதும் பொருந்த வேண்டும். ரிம் தாங்கக்கூடிய பாரத்தையும் கேட்டறிய வேண்டும்.

"சி டயர் போட்டால் வண்டி குலுங்கும், விலையும் கூடுதல்" என்பார் அண்ணன். உண்மைதான், குலுங்கும். ஆனால், 185 ஆர் 14 சி அரிய பொருளன்று. சிறிய லாரிகளும் பழைய வேன்களும் பயன்படுத்தும் அளவு என்பதால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலும் தேடினால் கிடைக்கும். நான்கு ரிம்முக்குச் செலவிட்ட வெள்ளியோடு ஒப்பிட்டால் டயரின் விலை பெரிதா?

இன்னொன்று. பழைய வேன்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓடுபவை. டயர் தேய்வதில்லை, ஆனால், மூப்படைகிறது. பூ ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. பக்கச்சுவரில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தேய்மானம் இல்லாவிட்டாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பழைய டயர் வாங்குவோர் இந்த நான்கு இலக்கங்களையாவது படிக்க வேண்டும்.

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் தொடங்கிய தொழிலுக்கு வியர்வை சிந்தியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ஷா ஆலத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட குட்இயர் டயர் தொழிற்சாலையும் 2024-இல் மூடப்பட்டுவிட்டது. பால்மரம் சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் நாம். டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிள்ளைகளை வண்டியில் ஏற்றலாமா?

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அன்றே எச்சரித்தார். நாம் ஏற்றுவது மயிலிறகு அன்று, நம் பிள்ளைகளை.

அண்ணன் இப்போது 15 அங்குல ரிம்முக்கு மாறிவிட்டார். டயர் 195/70 ஆர் 15 சி. "முன்பு போல் அழகாக இல்லை" என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. இருக்கட்டும். நாளை காலை, பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பெற்றோர்களே, ஒரே ஒரு நிமிடம் குனிந்து அந்த டயரைப் படியுங்கள். ஐயம் ஏற்பட்டால் வேன் ஓட்டுநரிடம் பணிவோடு கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.