பட்டறையை அறியாத கலைச்சொற்கள்

என் தம்பி தொழினுட்பப் பயிற்சிநெறி ஒன்றைப் பயில்பவன். சென்ற ஆண்டுத் தேர்வில் அவனுக்கு வந்த வினாக்களுள் ஒன்று "பாயத்தின் தொழில் யாது?" என்பது. உயர்தரத்திற் பௌதிகவியல் கற்றவனாதலின் காந்தப்பாயத்தை நினைந்து, விசைக்கோடுகளைப் பற்றி அரைப்பக்கம் எழுதிவிட்டு வந்தான். வினவப்பட்டதோ வேறொன்று: உலோகங்களை இணைக்கும்போது மேற்பரப்பிற் படியும் ஒட்சைட்டைக் கரைத்தகற்றி, சூடேறிய உலோகத்தை வளி தீண்டாது காக்கும் பொருள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டி முதலிற் கண்டதை எடுத்து வைத்துவிட்டார். எங்கள் ஊர்க் கொல்லரிடம் இதைச் சொன்னபோது, "பாயமெண்டா என்ன தம்பி, படுக்கிற பாயோ?" என்று கேட்டார். அவருடைய உலைக்கு நான்கு வீடு தள்ளி, நகைவேலை செய்யும் பத்தர் அதே தொழிலுக்காக வெண்காரத்தை நீரிற் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

இவ்விடத்தில் இரு சாரார் எழுந்து பேசுவர். ஒரு சாரார், தொழினுட்பத்தைத் தமிழிற் கற்பித்தால் இத்தகைய அவலமே விளையும், எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கற்பித்துவிடுவோம் என்பர். மறுசாரார், கலைச்சொற்றொகுதியில் உள்ளதை மனனஞ் செய்யாதது மாணவன் குற்றமென்பர். ஒருவர்க்கொருவர் பகைவர்போலத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டவர்கள். இருவரும் பட்டறைக்குட் காலெடுத்து வைத்ததில்லை.

வெல்டிங் என்பதற்கு நம்மிடையே வழங்கும் ஆக்கச் சொற்களைப் பாருங்கள். "உருக்கி ஒட்டுதல்" என்பர் சிலர். எதை உருக்கி? ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலப்பை உருக்கிச் செப்புக்கம்பிகளைப் பொருத்துவதும் உருக்கி ஒட்டுதலே. அங்கு உருகுவது இடையில் வைத்த கலப்பு மட்டுந்தான், கம்பி உருகுவதில்லை. வெல்டிங்கிலோ இணைக்கப்படும் இரும்பின் விளிம்புகளே உருகி ஒன்றாகின்றன. வேறுபாட்டின் உயிர்நிலை இதுவே, அதனையே அச்சொல் விழுங்கிவிடுகின்றது. "காய்ச்சி இணைத்தல்" என்பர் வேறு சிலர். அது கொல்லன் உலையில் இரு துண்டுகளை வெண்சூட்டுக்குக் கொணர்ந்து, உருகவிடாமற் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கும் முறைக்குச் சாலப் பொருந்தும். மின்வில் கொண்டு செய்வதற்குப் பொருந்தாது. "பற்றவைத்தல்" தமிழகத்தில் நன்கு வேரூன்றிய சொல்தான். ஆயினும் எரிவாயுச் சிலிண்டரின் அருகே தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் "பற்றவைக்கும்போது" என்றிருந்தால், தீயை மூட்டும்போதா, இரும்பை இணைக்கும்போதா? (வெல்டிங் செய்பவரை "ஒட்டுநர்" என்று எழுதுகின்றனர். முதற் குறிலை நெடிலாக்கிவிட்டால் அவர் பேருந்து செலுத்தப் போய்விடுவார். நல்லவேளையாக நம் நாட்டிற் "சாரதி" இருக்கின்றார்.)

இடையில் வைத்து உருக்கும் கலப்புக்குப் "பற்றாசு" என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. பத்தர் பற்றாசைப் பொடியாக்கி வைத்து, குழலால் ஊதிச் சுவாலையைச் செலுத்துவார். "பொடிவைத்து ஊதுதல்" என்று நாம் பேச்சில் வழங்குவது அங்கிருந்து வந்ததே. அடிப்படை உலோகம் உருகாது, பற்றாசு 450 பாகை செல்சியசுக்குக் கீழ் உருகினால் ஒருவகை, அதற்கு மேல் உருகினால் மற்றொரு வகை என்று இன்றைய தொழினுட்பம் பிரிக்கின்றது. மென்பற்றாசு, வன்பற்றாசு என்று சொன்னால் எந்த மாணவனுக்கும் விளங்கும். அடிப்படை உலோகமே உருகுவதற்கு வெல்டிங் என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம். நாடெங்கும் கூலிக்காரனும் முதலாளியும் வழங்குஞ் சொல் அது. வங்கியை ஏற்ற தமிழுக்கு அதனால் இழுக்கு வந்துவிடாது.

வெண்காரத்தைப் பொதுப்பெயராக்கிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. ஈயவேலைக்கு நாகக் குளோரைட்டும் பிசினும் உதவுகின்றன. வெல்டிங் குச்சியின் மேற்பூச்சு இன்னொரு வகை. தமிழகத்தார் "இளக்கி" என்பதை வழங்குகின்றனர், அதுவும் ஆகலாம். பெயர் எதுவாயினும் விளக்கம் வெண்காரத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதே என் கட்சி.

இதனைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று கூறுவேன். தம்பியின் கைந்நூலில் இரு வேறு செயல்களுக்கு ஒரே பெயர், "பதப்படுத்தல்". முதலாவது, உருக்கைச் செஞ்சூடாக்கிச் சாம்பலிற் புதைத்து மெல்ல ஆறவிடுவது. அதனால் உலோகம் மென்மையாகும். இரண்டாவது, முன்னரே நீரிற் தோய்த்து வன்மையாக்கிய உருக்கைக் குறைந்த சூட்டிற் காட்டி அதன் நொறுங்குந்தன்மையைப் போக்குவது. கொல்லருக்கு இவை ஒருபோதும் மயங்கியதில்லை. லொறியின் வில்லுத்தகட்டில் உளி அடிப்பவர் நுனியைத் தோய்த்தெடுத்துத் தேய்த்துவிட்டு, வைக்கோல் நிறம் நீலமாகி ஓடுவதைக் கண்ணாற் பார்த்து நிறுத்துவார். அது "தோய்ச்சல்". மற்றையது "ஆறப்போடுதல்". உளியை ஆறப்போட்டால் அதன் வாய் மடங்கும். தோய்த்துவிட்டுச் சூடுகாட்டாது விட்டாலோ, சுத்தியல் அடியில் நொறுங்கித் தெறிக்கும். தெறிக்கும் இடம் பல வேளைகளிற் கண்.

அசற்றலீன் சிலிண்டரின் இணைப்புகளுக்கு இடம்புரி மரை. ஒட்சிசன் சிலிண்டருக்கு வலம்புரி. ஒன்றன் குழாயை மற்றதில் மாட்டிவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. சங்கை அறிந்த தமிழனுக்கு இதைவிடத் தெளிவாக எதைச் சொல்லமுடியும்? கைந்நூல் சொல்வது "இடக்கைத் திருகிழை". ஒட்சிசன் இணைப்பில் எண்ணெயோ கிறீசோ பட்டால் தீப்பற்றும் என்ற எச்சரிக்கையை அதே நூல் "மசகிடல் தவிர்க்கப்படற்பாலது" என்று முடித்துவிட்டது. ஏன் தவிர்க்கப்படற்பாலது என்பதைப் பயிலுநன் தன் கையைச் சுட்டுத்தான் அறியவேண்டும் போலும்.

இச்சொற்கள் தொகுதிகளில் ஏறாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அவற்றை வழங்கியோர் கொல்லரும் தட்டாரும். ஏட்டறிவு ஒரு சாதிக்கும் கையறிவு இன்னொரு சாதிக்கும் என்றிருந்த சமூகத்திற் சொல்லாக்கக் குழுவின் மேசைக்கு உலைக்களத்துச் சொல் எப்படி வந்துசேரும்? இத்தீவின் உலோகத்தொழில் எளியதாயிருந்ததென்றும் எவரும் கருதவேண்டா. சமனலவெவப் பகுதியின் மேற்குநோக்கிய மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் விசையால் இயங்கிய உலைகளிற் காபன் மிகுந்த உருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளைவிக்கப்பட்டமையை கில்லியன் யூலெவ் 1996ஆம் ஆண்டில் உலகறிய எழுதினார். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் கண்டிநாட்டுக் கம்மியரின் இரும்பு, உருக்குத் தொழில்களை மதித்துப் பதிவுசெய்தார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன், அந்நியராயிருந்தும், முதலில் தமிழிற் சொல் உண்டோ என்று தேடினார்; இல்லாதவிடத்தே வடமொழியையும் ஆங்கிலத்தையும் நாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கருக்கு இருந்த பொறுமை நமக்கு ஏன் இல்லாதொழிந்தது?

கலைப்பீடத்தான் இரும்பைப் பற்றி ஏன் பேசுகின்றான் என்று பொறியியற்பீட நண்பர் ஒருவர் கேட்டார். சொல் எங்கள் துறை, ஆதலாற் பேசுகின்றேன். தமிழ்த்துறையில் ஆண்டுதோறும் ஆய்வுக்கட்டுரை எழுதுவோருட் பத்துப்பேர் தத்தம் ஊர்ப் பட்டறையில் ஒரு விடுமுறையைக் கழித்தாற் குறடும் கிட்டமும் தோய்ச்சலும் ஏட்டிற்கு வந்துவிடும். அடுத்த சொற்றொகுதிக் குழு கூடும்போது அதில் ஒரு கொல்லருக்கும் ஒரு வெல்டிங்காரருக்கும் நாற்காலி போடப்படவேண்டும். அவர்கள் இழக்கும் நாட்கூலியும் கொடுக்கப்படவேண்டும். தம்பி வரும் ஆண்டில் அதே வினாத்தாளை மீண்டும் எழுதவிருக்கின்றான். பாயம் என்றால் என்னவென்று இப்போது அவனுக்குத் தெரியும், பத்தர்தாம் சொல்லிக்கொடுத்தார்.