கணிப்பு வேறு, பந்தயம் வேறு

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் செம்மேட்டை அடைந்தபோது காலை பத்து மணி. மிளகு அறுவடை முடியும் தறுவாயில் இருந்தது. வீட்டு வாசல்களிலும் சாலையோரத்திலும் விரிக்கப்பட்ட தார்ப்பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த ஐந்தாறு இளைஞர்களோ மிளகின் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஐபிஎல் கிரிக்கெட் தொடங்க இன்னும் சில நாள்களே இருந்தன. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இந்த முறை முதல் நான்கு இடங்களுக்குள் வருமா, வராதா என்பதே அவர்களுடைய வழக்கு.

ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொலியைக் காட்டினார். முன்னாள் வீரர் ஒருவர் பத்து அணிகளையும் முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசைப்படுத்தி, சற்றும் தயங்காமல் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். "இவர் சொன்னா சரியா இருக்கும் சார்" என்றார் அந்த இளைஞர். "போன வருஷம் இவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. அந்த மறதியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

பருவம் தொடங்குமுன் ஆருடம் சொல்வது விளையாட்டு ரசனையின் ஒரு பகுதி. அதில் தவறேதும் இல்லை. இந்த ஆண்டு அதற்குத் தீனியும் ஏராளம். சஞ்சு சாம்சன் ராஜஸ்தானிலிருந்து சென்னைக்கு வந்திருக்கிறார். ஈடாக ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் அங்கே சென்றிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இந்திய அணிக்காக இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவருக்கும் சென்னை அணி தலா 14.20 கோடி கொடுத்தது. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து யார் வெல்வார் என்று சொல்லிவிட முடியும் எனத் தோன்றுவது இயல்பே.

ஆனால், கடந்தகாலக் கணக்கு அத்தனை ஊக்கமளிப்பதாக இல்லை. 2008-இல் மிகக் குறைந்த செலவில் திரட்டப்பட்ட ராஜஸ்தான் அணியை எவரும் பொருட்படுத்தவில்லை. ஷேன் வார்ன் தலைமையில் அதுவே முதல் கோப்பையை வென்றது. இரண்டாண்டு இடைநீக்கத்துக்குப் பிறகு 2018-இல் திரும்பிய சென்னை அணியை முதியோர் அணி என்று கேலி செய்தார்கள். அது கோப்பையுடன் திரும்பியது. 2022-இல் புதிதாக நுழைந்த குஜராத் அணி ஏலத்தில் சரியாகச் செயல்படவில்லை என்றார்கள். அறிமுக ஆண்டிலேயே அது வாகை சூடியது. ஐந்து முறை கோப்பை வென்ற மும்பை 2022-இலும் 2024-இலும் கடைசி இடத்தில் முடித்தது. அதே ஐந்து கோப்பைகளைக் கொண்ட சென்னை 2025-இல் 14 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குச் சரிந்தது. ஏல வரலாற்றிலேயே மிக அதிகமாக, 27 கோடிக்கு எடுக்கப்பட்ட ரிஷப் பந்தின் லக்னோ அணி ஏழாம் இடத்தைத் தாண்டவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கேலிக்குள்ளான பெங்களூரு அதே ஆண்டில் கோப்பையை ஏந்தியது.

இதை வைத்து, ஆருடம் சொல்பவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று முடிவுகட்டுவது நியாயமன்று. குறை அவர்களுடைய அறிவில் இல்லை. போட்டியின் அமைப்பில் இருக்கிறது. ஓர் அணி எதிரணிகளைவிட உண்மையிலேயே மேலானது என்றும், எந்த ஆட்டத்திலும் அது வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். லீக் சுற்றில் அதற்கு 14 ஆட்டங்களே உண்டு. அந்த நல்ல அணி ஏழு வெற்றிகளைக்கூட எட்டாமல் போவதற்கான வாய்ப்பு எவ்வளவு? கணக்கிட்டால் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. எந்தப் பிழையும் செய்யாமலேயே, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த அணி பாதி ஆட்டங்களைக்கூட வெல்லாமல் நிற்கும்.

இங்கேதான் அமெரிக்காவின் பேஸ்பால் பயனுள்ள ஒப்பீடாகிறது. நமக்கு அந்த ஆட்டம் அவ்வளவாகப் பழக்கமில்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு ஈட்டி எறிதல் வீரர்கள் 2008-இல் ஒரு போட்டியின் வழியே பிட்ஸ்பர்க் அணி நிர்வாகத்தில் ஒப்பந்தம் பெற்றபோது சிறிது பேசப்பட்டதோடு சரி. ஆனால், பருவத்துக்கு முந்தைய கணிப்பை ஒரு துறையாகவே வளர்த்தது அந்த ஆட்டம். நேட் சில்வர் உருவாக்கி 2003-இல் வெளிவரத் தொடங்கிய 'பெகோட்டா' என்ற கணிப்பு முறை, ஒரு வீரரின் எதிர்காலத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் பல சாத்தியங்களின் வீச்சாகச் சொன்னது. அங்கே ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மேலே சொன்ன அதே 55 விழுக்காட்டு அணி 162 ஆட்டங்களில் பாதியைக்கூட வெல்லாமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட அதிர்ஷ்டத்தின் கை தளர்கிறது, திறமை வெளிப்படுகிறது.

அப்படியும் அங்கே ஆருடங்கள் பொய்க்கின்றன. 2024-இல் தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த டொரண்டோ, அடுத்த ஆண்டே இறுதிச் சுற்றை எட்டியது. பலரும் எதிர்பார்த்த லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ்தான் கோப்பையை வென்றது என்றாலும், ஏழாவது ஆட்டம் 11-ஆவது இன்னிங்ஸ் வரை நீண்ட பிறகே அது சாத்தியமானது. 162 ஆட்டங்களுக்கே இந்த நிலை என்றால், 14 ஆட்டங்களுக்கு ஆருடம் சொல்பவர் எவ்வளவு அடக்கத்துடன் பேச வேண்டும்!

கணக்கில் வராதவையும் உண்டு. 2025-இல் சென்னையின் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் பருவத்தின் நடுவே விலகினார். அதே ஆண்டு மே மாதம் எல்லையில் மூண்ட மோதலால் ஆட்டங்கள் ஒரு வாரம் நிறுத்திவைக்கப்பட்டன. 14 வயது வைபவ் சூர்யவன்ஷி 35 பந்துகளில் சதம் அடிப்பார் என்று எந்தப் பட்டியலும் சொல்லியிருக்கவில்லை. நம் பக்கத்து மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக ஆஸ்திரேலியா அழைத்துச் செல்லப்பட்டு, அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். எந்த ஆருடத்தில் அது இருந்தது?

சரி, ஆருடம் பொய்த்தால் யாருக்கு என்ன நட்டம்? தேநீர்க் கடையில் பேசிக் கலைவதோடு முடிந்தால் யாருக்கும் எதுவுமில்லை. ஆனால், அன்று அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாமல் இருந்த ஓர் இளைஞரைப் பற்றி மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தின் மிளகு விற்ற பணத்தில் பெரும்பகுதியை ஒரு கைப்பேசிச் செயலியில் அணி அமைத்தே இழந்தவர் அவர். முதலில் 49 ரூபாய், பிறகு நூறுகள், பிறகு இழந்ததை மீட்பதற்காக ஆயிரங்கள். "எல்லாம் கணக்குப் போட்டுத்தான் சார் போட்டேன்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டே.

அவர் போட்ட கணக்கைச் சற்றுப் பார்ப்போம். களத்தில் இறங்கும் 22 பேரிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுக்க 7,05,432 வழிகள் உள்ளன. அவர்களில் தலைவர், துணைத் தலைவர் யார் என்பதையும் சேர்த்தால், மற்ற விதிகளை விலக்கிவிட்டுப் பார்க்கும்போது, ஏழே முக்கால் கோடிச் சேர்க்கைகளைத் தாண்டுகிறது. ஆட்டத்தைப் பற்றிய அறிவு இதில் ஓரளவு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால், பல லட்சம் பேர் போட்டியிடும் இடத்தில், நடத்துபவர் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்ட பிறகு, எஞ்சிய பணம் சிலரிடம் குவியும், பெரும்பாலோர் இழப்பார்கள். இது கூட்டல் கழித்தல் கணக்கு. இதற்கு ஆருடம் தேவையில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கை ஓரங்கட்டிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் அது தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது, ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாடு 2022-லேயே இந்தத் திசையில் தனிச்சட்டம் இயற்றியது என்பதும் நினைவுகூரத்தக்கது. இந்திய அணியின் சட்டையில் இடம்பெற்றிருந்த ட்ரீம் லெவன் நிறுவனம் அந்த விளம்பர ஒப்பந்தத்திலிருந்து விலகியது.

தடையை எதிர்ப்பவர்களின் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. உள்நாட்டில் வரி செலுத்தி, கணக்குக் காட்டி இயங்கிய நிறுவனங்களை மூடினால், ஆடியே தீர வேண்டும் என்பவர்கள் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்களை நாடுவார்கள். அங்கே முறையிடக்கூட ஆளில்லை என்கிறார்கள். இந்த அச்சம் உண்மையானது. ஆனால், அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வழியின் விளைவையும் பார்க்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான மத்தியச் சட்டத்தை நீக்கியது. பல மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வமானது. 2025 நவம்பரில், தனித்தனிப் பந்துகளின் மீது பந்தயம் கட்டியவர்களுக்கு உதவும்படி பந்து வீசியதாகக் கிளீவ்லாந்து அணியின் இரு வீச்சாளர்கள் மீது அரசு வழக்குரைஞர்கள் குற்றம் சாட்டினார்கள். இருவரும் அதை மறுத்துள்ளனர். 2013-இல் ஐபிஎல் கண்ட சூதாட்டப் புகாரும், அதன் தொடர்ச்சியாகச் சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டு நீக்கப்பட்டதும் நமக்கு மறந்திருக்காது. பந்தயம் பெருகும் இடத்தில் ஆட்டத்தின் மீதான நம்பிக்கை தேய்கிறது.

எனவே தடை தேவை என்பதே என் கருத்து. ஆனால், தடை மட்டும் போதாது. கணிப்பு என்றால் என்ன என்பதைச் சமூகம் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் கிரிக்கெட் வல்லுநர்களைவிட இந்திய வானிலை ஆய்வுத் துறை நேர்மையாக நடந்துகொள்கிறது. ஏப்ரல் மாதம் தென்மேற்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பை வெளியிடும்போது, பிழை ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. 2025-இல் 105 விழுக்காடு என்றது, பெய்தது 108. பருவம் முடிந்ததும் சொன்னது எது, நடந்தது எது என்று தானே கணக்குக் காட்டுகிறது. கேலிக்கு ஆளாவது என்னவோ வானிலைத் துறைதான். மதிப்புக்குரியவராக வலம்வருபவர் காணொலி ஆருடக்காரர்.

தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் ஒன்று செய்யலாம். இந்த ஆண்டு ஆருடம் சொல்பவரின் பெயருக்குக் கீழே, அவர் சென்ற ஆண்டு சொன்னதையும் நடந்ததையும் இரண்டே வரியில் வெளியிடலாம். 'உறுதியாக' என்பதற்குப் பதில் 'பத்தில் ஆறு வாய்ப்பு' என்று சொல்லுமாறு கேட்கலாம். பள்ளிகளில் நிகழ்தகவுப் பாடத்தைப் பகடைக் காயோடு நிறுத்தாமல், இந்தக் கைப்பேசிப் பந்தயக் கணக்கு வரை கொண்டுசெல்லலாம்.

தேநீர்க் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், அடுத்த ஆண்டு மிளகு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பூ வைக்கிற நேரத்துல மழை ஒழுங்கா விழணும் தம்பி. விழுந்தா நல்லா இருக்கும். இல்லேன்னா இல்ல" என்றார். வியாபாரி முன்பணம் தந்தால் வாங்குவீர்களா என்றேன். "பாதிக் கொடிக்கு வாங்குவேன். மீதி என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததை நிபந்தனையாக வைத்தார், தன் கணிப்பு பொய்த்தாலும் குடும்பம் நிற்கும்படி பார்த்துக்கொண்டார்.

புறப்படும்போது இளைஞர்கள் என்னை விடவில்லை. சென்னை முதல் நான்குக்குள் வருமா, வராதா என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். பத்து அணிகளில் நான்கு. எதுவுமே தெரியாதவர் சொன்னாலும் நாற்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. சாம்சனின் வரவையும் இளையவர்களையும் பார்த்தால், ஜடேஜா இல்லாததையும் கழித்துக்கொண்டு, ஐம்பது என்பேன் என்றேன். "இது என்ன சார் பதில்?" என்று சிரித்தார்கள். அந்தத் தலைகுனிந்த இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கே யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார்.