வக்கீல் வைத்தால் போதுமா?

வேலை நீக்கப்பட்ட தோழர் வக்கீலிடம் பணம் கட்டி, காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால், இனி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார். நாம் இதை ஒப்பவில்லை. அந்தக் கையெழுத்து தொழிலாளிக்கும் வக்கீலுக்கும் உள்ள உடன்பாடு. வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அது தெரியாது. இன்னாருக்காக நான் ஆஜராகிறேன், கடிதங்களை என் விலாசத்துக்கு அனுப்புக என்று வக்கீல் எழுதிக் கொடுக்கும் அறிவிப்பு போய்ச் சேர்ந்த பிறகே நீதிமன்றம் அவரை அறியும்.

அதுவரை கடிதம் எங்கே போகும்? மனுவில் கண்ட விலாசத்துக்கு, அதாவது தோட்டத்து லயத்துக்கு! பல தோட்டங்களில் தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபிசில் இறங்கும், கிராணி பிரிப்பார். நாம் எந்த நிர்வாகத்தின்மீது வழக்குப் போட்டோமோ, அதன் மேஜையைத் தாண்டித்தான் நமது நோட்டீசு வரவேண்டும். கிராணிமார் கடிதத்தை ஒளிப்பவர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் வேலையோடு வீடும் போய், மூட்டை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனவரை அவர் எங்கே தேடுவார்? ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் கதை இதுவே.

1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி, வேலை போன 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையீடு செய்யவேண்டும். சமரசம் முறிந்தால், 2021 முதல் மந்திரியின் முடிவுக்குக் காத்திராமல் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நோட்டீசு சேர்க்கப்பட்டவர் வராவிட்டாலும் விசாரணையை நடத்த, அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தோ, இருபது வருஷம் பால் வெட்டியவர் வாய் திறவாமலே வழக்கு முடிந்துபோகும்!

தொழில் நீதிமன்றத்தில் வக்கீல் நிற்பதற்கு, 27ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சங்க அதிகாரி தம் உறுப்பினருக்காக நிற்க அது வேண்டியதில்லை. மாதந்தோறும் சந்தா கட்டுகிறவர்கள் இதை மறந்து, தாலிக்கொடியை அடகு வைத்துக்கொண்டு ஓடுவது ஏனோ!

கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: முறையீட்டில் லயத்து விலாசத்தோடு உறவினர் விலாசமோ கிளை விலாசமோ எழுதச் செய்யுங்கள். வக்கீல் வைத்தவர்கள், அறிவிப்பு சேர்ந்ததற்கான நகலை முத்திரையோடு கேட்டு வாங்கட்டும். வக்கீல் மாறினாலும் விலகினாலும் உடனே புது அறிவிப்பு போகவேண்டும். இலாகாவையும் கேட்கிறோம்: லயத்துக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், கோப்பை மூடுமுன் ஒரு தடவை டெலிபோனிலாவது அத்தொழிலாளியை விசாரியுங்கள்.