ரெண்டு எஸ்எஸ்டி வாங்குங்க, ஆனா ஒண்ணா சேர்த்துடாதீங்க

பட்டுக்கோட்டையில் கடை வச்சிருக்கிற ஒரு கிளையன்ட் போன வாரம் போன் பண்ணினார். "சார், கம்ப்யூட்டர்ல இடம் பத்தல. 2 டிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கவா, இல்ல இருக்கிற 1 டிபி கூட இன்னொரு 1 டிபி வாங்கி ரெண்டையும் ஒரே டிரைவா சேர்த்துடவா? சேர்த்தா ஸ்பீடு டபுள் ஆகும், காசும் மிச்சம்னு கடைக்காரர் சொல்றாரு."

ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்வியா இதுன்னு தோணலாம். என்னைப் பொறுத்தவரை இது கம்ப்யூட்டர் கேள்வியே இல்லை. பணத்தை எங்கே வைக்கிறது, எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறதுங்கிற கேள்விதான். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: ரெண்டு டிரைவ் அவசியம் வேணும். ஆனா ரெண்டையும் ஒண்ணாக்கக் கூடாது. இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் பண்ணின தப்பு

சேனல் ஆரம்பிச்ச புதுசுல வீடியோ எடிட்டிங்குக்கு இடம் தேவைப்பட்டது. 2 டிபி விலையைப் பார்த்துட்டு, 1 டிபி ரெண்டு வாங்கி 'ரெய்டு 0' முறையில் சேர்த்தேன். (ரெய்டுன்னதும் பயப்படாதீங்க, இது வருமான வரி ரெய்டு இல்லை. பல டிரைவை ஒண்ணா இயக்குற முறைக்கு அதுதான் பேர்.) ஒரு வருஷம் நல்லாவே ஓடிச்சு. அந்த தைரியத்துல, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இடம் இல்லாதப்போ சில கிளையன்ட் ஃபைல்களை "தற்காலிகமா" அதுக்கு மாத்தினேன். நம்ம ஊர்ல தற்காலிகம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் மாசம். டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு 30-ஆம் தேதி கடைசி. 19-ஆம் தேதி காலையில் கம்ப்யூட்டரை ஆன் பண்றேன், டிரைவைக் காணோம். ரெண்டுல ஒண்ணு செத்துப் போச்சு. இன்னொண்ணு முழு ஆரோக்கியமா இருக்கு, ஆனா அதுல இருந்து ஒரு ஃபைலைக் கூட எடுக்க முடியல.

ஏன்னா ரெய்டு 0 ஒவ்வொரு ஃபைலையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒரு துண்டை இந்த டிரைவ்லயும் அடுத்த துண்டை அந்த டிரைவ்லயும் மாத்தி மாத்தி எழுதும். கணக்கு நோட்டைப் பிரிச்சு, ஒத்தைப்படை வரிகளை ஒரு பீரோவிலயும் இரட்டைப்படை வரிகளை இன்னொரு பீரோவிலயும் வச்ச மாதிரி. ஒரு பீரோ எரிஞ்சா பாதி கணக்கு மிஞ்சாது, எதுவுமே மிஞ்சாது. வாரண்டியில் புது டிரைவ் கொடுத்தாங்க. வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருந்த டேட்டாவுக்கு இல்லை.

பேங்க் கணக்கு மாதிரி யோசிங்க

கணவன் மனைவி ஜாயின்ட் அக்கவுண்ட் ஆரம்பிக்கும்போது பேங்க்ல ஒரு கேள்வி கேட்பாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்கணுமா, இல்ல 'ஐதர் ஆர் சர்வைவர்', அதாவது யார் ஒருத்தர் போட்டாலும் போதுமா? ரெய்டு 0 முதல் வகை: ரெண்டு டிரைவும் உயிரோட இருந்தாத்தான் டேட்டா. ஒரே டேட்டாவை ரெண்டு டிரைவ்லயும் முழுசா எழுதுற ரெய்டு 1 ரெண்டாவது வகை.

கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு டிரைவ் ஒரு வருஷத்துல பழுதாக 1% வாய்ப்புன்னு வச்சுக்கலாம். 2 டிபி ஒண்ணு வாங்கினா ரிஸ்க் 1%. ரெண்டைச் சேர்த்தா 1.99%, கிட்டத்தட்ட டபுள். அதே ரெண்டு டிரைவைத் தனித்தனியா வச்சு டேட்டாவை ரெண்டுலயும் வச்சா, ரெண்டும் ஒரே வருஷத்துல போக வாய்ப்பு 0.01%. வாங்கின பொருள் அதேதான். வச்சுக்கிட்ட விதத்துல ரிஸ்க் சுமார் 200 மடங்கு வித்தியாசப்படுது. ரெண்டும் வேற வேற இடத்துல இருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும், அதுக்குப் பிறகு வர்றேன்.

ஸ்பீடு வேணுமே?

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு சுமார் 550 எம்பி படிக்கும். ரெண்டைச் சேர்த்தா பெரிய ஃபைல்ல அதிகபட்சம் 1,100 கிடைக்கலாம். ஆனா ஜென் 3 என்விஎம்இ டிரைவ் ஒண்ணே சுமார் 3,500 எம்பி வரை போகும். உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஸ்லாட் இருந்தா, ஸ்பீடுக்காக ரெண்டைச் சேர்க்கிறதுல அர்த்தமே இல்லை. 100 மெகாபிட்ல எடுத்த 4கே வீடியோ ஓட நொடிக்கு 12.5 எம்பிதான் தேவை. டாலிக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் அது கூட வேண்டாம். கடைசி நாள்ல போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கிறதுக்கு உங்க டிரைவ் காரணம் இல்லை!

"பெரிய டிரைவ்தான் ரொம்ப நாள் உழைக்கும்"னும் சொல்வாங்க. சாம்சங் 870 எவோவையே எடுத்துக்கங்க. வாரண்டியில் எழுதக்கூடிய அளவு 1 டிபிக்கு 600 டெராபைட், 2 டிபிக்கு 1,200. கொள்ளளவுக்கு ஏத்த மாதிரிதான் கூடுது. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 600 டெராபைட் தீர 80 வருஷத்துக்கு மேல ஆகும். அதனால தேய்மானம் நம்ம எதிரி இல்லை. எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாம ஒரே நாள்ல நிக்கும், அதுதான் எதிரி.

எங்க ஊரு சொல்லிக் கொடுத்தது

என் கதைக்கு வர்றேன். போன டேட்டாவுல அதிராம்பட்டினத்துல தேங்காய் மண்டி வச்சிருக்கிற ஒருத்தரோட கணக்கும் இருந்தது. இங்கே அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவோம். தொண்டை வறண்டு போய் அவர்கிட்ட போனேன். "காக்கா, உங்க கணக்கு போயிடுச்சு."

அவர் திட்டல. "வீட்டுல பென் டிரைவ் கெடக்கு தம்பி, வந்து எடுத்துக்கங்க"ன்னார்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. டெல்டாவுல லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாய்ஞ்சது, தென்னந்தோப்பெல்லாம் படுத்துடுச்சு. அக்டோபர் மாச ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் பண்ண வேண்டிய 20-ஆம் தேதிக்கு நாலே நாள்தான் இருந்தது. தஞ்சாவூர் உட்பட 11 மாவட்டத்துக்கு அந்தத் தேதியை டிசம்பர் 20 வரைக்கும் தள்ளி வச்சாங்க. அரசாங்கத்தால தேதியைத் தள்ளி வைக்க முடியும். நனைஞ்சு போன கம்ப்யூட்டர்ல இருந்த கணக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்னைக்கு மண்டி ஓடு பறந்து, காக்காவோட கம்ப்யூட்டர் நனைஞ்சு போச்சு. அதுல இருந்து வெள்ளிக்கிழமை தோறும் டேட்டாவை பென் டிரைவ்ல காப்பி பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது பழக்கம். அந்த பென் டிரைவ்லதான் அவரோட மொத்தக் கணக்கும் இருந்தது. மண்டி பில்லை வச்சு நான் மறுபடி டைப் பண்ணினது கடைசி நாலு நாள் என்ட்ரி மட்டும்தான். மத்த ரெண்டு கிளையன்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவங்க கணக்கை நானும் என் ஆர்டிகிள் பசங்களும் ஒன்பது ராத்திரி உட்கார்ந்து வவுச்சரைப் பார்த்துப் போட்டோம். நான் மிச்சம் பிடிச்ச சில ஆயிரம் ரூபாய்க்கு அதுதான் வட்டி.

இதனாலதான் ரெய்டு 1 கூட பேக்கப் ஆகாதுன்னு சொல்றேன். பில்லிங் கவுண்டர் ஒரு மணி நேரம் கூட நிக்கக் கூடாதுன்னா ரெய்டு 1 நல்லது. ஆனா ரெண்டு டிரைவும் ஒரே பெட்டிக்குள்ளதான் இருக்கு. தவறுதலா அழிச்சா ரெண்டுலயும் அழியும், வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும், தண்ணி புகுந்தா ரெண்டும் நனையும்.

அப்போ என்ன வாங்கறது?

முதல்ல உங்க டேட்டா எவ்வளவுன்னு பாருங்க. என்கிட்ட வர்ற பெரும்பாலான கடைகளோட பத்து வருஷ டாலி டேட்டா சில ஜிபிக்குள்ள அடங்கிடும். இடத்தை அடைக்கிறது வாட்ஸ்அப் வீடியோவும் கல்யாண ஆல்பமும்தான். அதை ஒதுக்கினா, பட்டுக்கோட்டை நண்பருக்கு இருக்கிற 1 டிபியே போதும். இன்னொரு 1 டிபியை வெளியே வைக்கிற டிரைவா வாங்கி, பேக்கப் எடுத்துட்டுக் கழட்டி வீட்டுல வைக்கட்டும். நிஜமாவே இடம் வேணும்னா 2 டிபி ஒண்ணு, கூடவே அதுக்கு ஒரு பேக்கப் டிரைவ். பேக்கப்புக்குக் காசு இல்லைன்னா, பெரிய டிரைவுக்கும் காசு இல்லைன்னு அர்த்தம்.

பேக்கப் எஸ்எஸ்டியை வருஷக்கணக்குல பீரோவுக்குள்ளயே போட்டு வைக்காதீங்க. கரண்ட் இல்லாம ரொம்ப நாள் கிடந்தா டேட்டா மங்கலாம், சூட்டுல சீக்கிரமே. சில மாசத்துக்கு ஒரு தடவை மாட்டிப் பாருங்க. வருஷக்கணக்கா வைக்கிறதுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கே போதும்.

இது விருப்பம் மட்டும் இல்லை, சட்டமும் கூட. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதியில் இருந்து 72 மாசம் வச்சிருக்கணும். கம்பெனின்னா 8 நிதியாண்டு. அதோட 2022 ஆகஸ்ட்ல இருந்து கம்பெனிகள் இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல தினசரி பேக்கப் வைக்கணும். "டிரைவ் போயிடுச்சு சார்"ங்கிறது ஆபீசர் முன்னாடி பதில் ஆகாது.

வாங்கும்போது பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பரைப் போடச் சொல்லுங்க, தொழிலுக்குன்னா 18% வரியை இன்புட்டா எடுக்கலாம். கம்ப்யூட்டருக்கான 40% தேய்மானமும் உண்டு. ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது, அதனால யுபிஐ பண்ணிடுங்க.

கடைசியா ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி கடையைச் சாத்துறதுக்கு முன்னாடி, உங்க பேக்கப்பை வேற ஒரு கம்ப்யூட்டர்ல திறந்து போன மாச பேலன்ஸ் வருதான்னு பாருங்க. வரலைன்னா, புது டிரைவ் வாங்கறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணுங்க. டாலி பேக்கப்பை எப்படி எடுத்து எப்படித் திறக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல செஞ்சே காட்டறேன்.