ஒரே தாளமும் ஒரு சட்டமும்

இலண்டனில் முப்பது வருடங்களுக்கும் மேலாக வசித்துவரும் நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தொண்ணூறுகளில் பிரித்தானியாவின் இரவு விடுதிகளை அதிரவைத்த ஹவுஸ், டெக்னோ இசையை, வயலினும் செலோவும் கொண்ட பெரிய வாத்தியக் குழுவொன்று ஒரு பூங்காவில் வாசிக்கப்போகிறதாம். நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டாராம். அந்தப் பொற்காலம் இனி வராது என்று எழுதி, வழக்கமான பெருமூச்சோடு மின்னஞ்சலை முடித்திருந்தார்.

ஆட விரும்புபவர் ஆடட்டும். ஐம்பதைக் கடந்தவர்கள் இளமையை நினைத்து இரண்டு மணிநேரம் துள்ளுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி அச்சிலும் திரையிலும் இன்று கட்டியெழுப்பப்படும் ஞாபகம்தான் பிரச்சினை. அந்த ஞாபகத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், வெயில் அடிக்கிறது, மஞ்சள் நிறச் சிரிப்புமுகச் சின்னம் மின்னுகிறது. பொலிஸார் மட்டும் எங்குமே இல்லை.

1992 மே மாதத்தில் வூஸ்டர்ஷயரில் உள்ள காசில்மோர்ட்டன் பொதுவெளியில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர், யுவதிகள் கூடி, சுமார் ஒரு வாரம் இரவு பகலாக ஆடினார்கள். ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்த ஸ்பைரல் ட்ரைப் குழுவினர் 13 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1994 இல் அவர்கள் குற்றவாளிகள் அல்லர் எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் அத்தீர்ப்பு வருமுன்னரே அரசாங்கம் புதிய சட்டமூலத்தைக் கொண்டுவந்துவிட்டது. 1994 நவம்பர் 3 ஆம் திகதி அது குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டமாயிற்று.

அச்சட்டத்தின் 63 ஆம் பிரிவு, திறந்தவெளியில் 100 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ இரவில் கூடி உரத்த இசை கேட்பதைக் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு வழங்கியது. எதை இசை என்று கொள்வது? திரும்பத்திரும்ப வரும் தாள அடிகளின் தொடரும் அதில் அடங்கும் என்று சட்டவாசகம் விளக்கிற்று. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தாளத்துக்கு வரைவிலக்கணம் எழுதிய அபூர்வ நிகழ்வு அது! அடுத்த பிரிவு ஒலிபெருக்கிகளைப் பறிமுதல் செய்ய இடமளித்தது. அதற்கடுத்தது, அந்த இடத்துக்கு ஐந்து மைல் தூரத்துக்குள் வருபவரையே வழிமறித்துத் திருப்பி அனுப்ப இடமளித்தது. 2003 இல் கொண்டுவரப்பட்ட இன்னொரு சட்டம் 100 என்ற எண்ணை 20 ஆகக் குறைத்தது. திருவாளர் நண்பரே, அந்தப் பிரிவு இன்னும் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது.

ஓட்டேக்கர் என்ற இருவர் குழு அதே 1994 இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதிலிருந்த ஓர் உருப்படியில் எந்த இரண்டு தாளக்கட்டும் ஒன்றுபோல் இராதபடி அமைத்திருந்தார்கள். அதாவது, சட்டத்துக்கு உட்பட்ட இசை. இதை ஒலிக்கவிடும்போது ஒரு சட்டத்தரணியையும் ஓர் இசையறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுறுத்தலும் உறையில் ஒட்டப்பட்டிருந்தது. அக்காலத்தின் உண்மையான நகைச்சுவை இதுதான். பூங்காவில் வயலின் வாசிப்பவர்கள் இதை வாசிக்கப்போவதில்லை.

சட்டத்தில் இருந்தது தாளம் மட்டுமல்ல. கைதானவர் மௌனம் காத்தால் அதிலிருந்து அவருக்குப் பாதகமான முடிவுக்கு வரலாம் என்று நீதிமன்றங்களுக்கு இடமளித்ததும் அதே சட்டம். ஒரு பிரதேசத்தைக் குறிப்பிட்டு மேலதிகாரி அனுமதி வழங்கினால், சந்தேகத்துக்கான காரணம் எதுவுமின்றி அங்கு எவரையும் நிறுத்திச் சோதனையிடலாம் என்ற 60 ஆம் பிரிவும் அதே சட்டம்தான். அவசரகால விதிகளையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் வாசித்தே பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். ஊருக்குப் பிடிக்காத ஒரு கூட்டத்தைக் காட்டி, எல்லாருக்குமான பூட்டைச் செய்வது அரசுகளின் பழைய வித்தை.

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் கொழும்பில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. 1994 ஒக்டோபர் 9 ஆம் திகதி ஹைட் பார்க்கில் இச்சட்டமூலத்துக்கு எதிரான ஊர்வலம் கலவரத்தில் முடிந்த செய்தி வந்தது. ‘களியாட்டப் பிரியர்கள் பொலிஸாருடன் மோதல்’ என்று தலைப்பிட்டு நாலு வரியில் முடித்தேன். சட்டம் நிறைவேறியபோது அந்த நாலு வரியும் போடவில்லை. காமினி திசாநாயக்க கொல்லப்பட்டுப் பத்து நாள், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆறு நாள்; இடமேது என்று சமாதானம் சொல்லலாம். உண்மையில், ஆட்டக்காரர்களின் உரிமை ஓர் உரிமையாகவே எனக்குப் படவில்லை.

சரி, விடுதிகளுக்கு வருவோம். மான்செஸ்டரின் ஹசியெண்டா 1982 இல் திறக்கப்பட்டு 1997 இல் மூடப்பட்டது. 2002 இல் கட்டடம் இடிக்கப்பட்டு, அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. ஆட்டத்தளத்தின் பலகைகளிலிருந்து கித்தார்கள் செய்து விற்றார்கள். நம்மூரில் பழைய தேர்ச் சில்லைக்கூட இப்படி விற்கமாட்டார்கள். 1989 இல் அந்த விடுதியில் எக்ஸ்டசி மாத்திரை விழுங்கிய 16 வயதுச் சிறுமி இறந்தாள். துப்பாக்கிக் கும்பல்களின் அட்டகாசத்தால் 1991 இல் விடுதியைச் சில மாதங்கள் மூடவேண்டியதாயிற்று. அந்த மரணமும் துப்பாக்கியும் எந்தப் பலகையில் ஒட்டியிருக்கின்றன?

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதிலும் அதே வெள்ளையடிப்பு நடக்கிறது. 1987 கோடையில் இங்கிலாந்திலிருந்து நான்கு டீஜேக்கள் இபிசா தீவுக்கு விடுமுறை சென்றார்களாம், திரும்பி வரும்போது புரட்சியைக் கையோடு கொண்டுவந்தார்களாம். ஹவுஸ் என்ற பெயரே சிக்காகோவில் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுச் சுழற்றிய வெயார்ஹவுஸ் விடுதியிலிருந்து வந்தது. அங்கு கூடியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க ஒருபாலீர்ப்பினர். டெக்னோவை ஆக்கியவர்கள் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய டெட்ரோயிட் கறுப்பின இளைஞர்கள். அவர்களுடைய பெயர் தெரியாமலே அவர்களது தாளத்துக்கு ஒரு தலைமுறை ஆடித் தீர்த்திருக்கிறது. இலண்டன் பொலிஸார் 2005 இல் 696 என்ற படிவத்தைக் கொண்டுவந்து, எந்த வகை இசை ஒலிக்கும், எந்த இனத்தவர் வருவார்கள் என்று நிகழ்ச்சி நடத்துவோரிடம் கேட்டார்கள். இனம் பற்றிய கேள்வி பின்னர் நீக்கப்பட்டாலும் படிவம் ஒழிய 2017 ஆயிற்று. தொண்ணூறுகளை நினைத்து உருகியவர்களில் எத்தனை பேர் இதற்காக ஒரு கடிதமாவது எழுதினார்கள்?

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. எண்பதுகளில் இரவில் வெளியே போக அனுமதியில்லாத தெற்காசியப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டப்பகலில் பங்க்ரா ஆட்டங்களுக்குப் போனார்கள். 1995 இல் ஹொக்ஸ்டன் சதுக்கத்து புளூ நோட் விடுதியில் தல்வின் சிங் தொடங்கிய ‘அனோகா’ திங்கட்கிழமை இரவுகளில், தபேலாவும் ஜங்கிளும் ஒரே மேடையில் ஒலித்தன. 1999 இல் அவருக்கு மெர்க்குரி விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் சிறுபிராயத்தைக் கழித்த மாயா அருள்பிரகாசம் தன் முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப்பெயரான ‘அருளர்’ என்பதைச் சூட்டி 2005 இல் வெளியிட்டதும் இந்த நிலத்தில் விளைந்ததுதான். வாத்தியக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் இவற்றைத் தேடினேன், காணவில்லை.

சஞ்சிகைகளின் மறைவுக்கு வடிக்கப்படும் கண்ணீர்தான் எனக்கு மிகுந்த எரிச்சல். 1926 இல் நடன வாத்தியக்காரர்களுக்கான பத்திரிகையாகப் பிறந்த மெலடி மேக்கர் 2000 டிசெம்பருடன் என்.எம்.ஈ.யில் கரைந்தது. மியூசிக் 2003 இலும் த ஃபேஸ் 2004 இலும் நின்றன. பிந்தியது 2019 இல் மீண்டது. என்.எம்.ஈ. வார அச்சு 2018 மார்ச்சில் நின்றது. அவை புனிதப் பத்திரிகைகள் அல்ல. விடுதி விளம்பரமும் சிகரெட் விளம்பரமும் தின்று வளர்ந்தவை. நட்சத்திர டீஜேக்களைத் தாமே உருவாக்கித் தாமே வணங்கியவை. ஆயினும் டெட்ரோயிட் இளைஞர்களை 1988 இலேயே தேடிப்போய் எழுதியது த ஃபேஸ். மெலடி மேக்கரில் எழுதிப் பழகிய சைமன் ரெனால்ட்ஸ்தான் 1998 இல் அக்காலத்தின் நல்ல வரலாறுகளில் ஒன்றை எழுதினார். யார் எங்கே ஆடினார்கள், எந்த இரவில் பொலிஸார் வந்தார்கள் என்பதற்கு அந்தத் தாள்கள் சாட்சி. காசு கொடுத்து அவற்றை வாங்குவதை நிறுத்தியவர்கள் யார்? இன்று அழுகிறவர்கள்தான். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற முறையில் இந்த அழுகையை எனக்கு நன்கு தெரியும். சந்தா கட்டாதவரின் இரங்கலுரை எப்போதும் நீளமாகவே இருக்கும்.

நண்பரின் மின்னஞ்சலில் ஒரு பின்குறிப்பும் இருந்தது. அவருடைய இளைய மகனை இந்த ஆண்டில் மட்டும் இரண்டு தடவை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பொலிஸார் நிறுத்திச் சோதனையிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு, ஏதோ ஒரு பிரிவின் இலக்கத்தை மட்டும் சொன்னார்களாம். எந்த இலக்கம் என்று மகனிடம் கேட்டு எழுதும்படி பதில் அனுப்பியிருக்கிறேன்.