கூட்டினா எட்டு வருதா?

செமஸ்டர் நெருங்குது. ஹால் டிக்கெட் நம்பரைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்ததும் முகம் வாடிப்போன ஆள் உங்க பெஞ்சிலேயே இருப்பார். பேருக்குப் பின்னாடி ஒரு 'ஏ' சேர்த்தா அரியர் க்ளியர் ஆகும்னு ரெக்கார்ட் நோட்டில் புதுக் கையெழுத்து பழகுற ஆளும் இருப்பார். அவங்களுக்காகத்தான் இந்த வாரம்.

ஒரு ஊருக்கே நியூமராலஜி பார்க்கலாமா? காஞ்சிபுரம் பக்கத்துல கூரம். இங்கிலீஷில் 'டபுள் ஓ' போட்டா, கால்டியன் கணக்குப்படி 2+7+7+2+1+4 = 23. அதாவது 5. செப்பேடு பதிப்பிச்சவங்க மாதிரி 'யூ' போட்டா 15, அதாவது 6. பித்தாகரஸ் பேரைச் சொல்ற இன்னொரு அட்டவணையில் ரெண்டுக்குமே 1. ஊர் ஒண்ணு, எண் மூணு! அந்த ஊர்ப் பேரில் இங்கிலீஷ் எழுத்தே கிடையாதுங்கிறது தனிக் கதை.

இப்படிக் கூட்டிக் கூட்டி ஒற்றை எண் ஆக்குறது என்ன பெரிய ரகசியமா? 9-ஆல் வகுத்தா வர்ற மீதி, அவ்வளவுதான். (மீதி இல்லைன்னா 9.) உங்க கிளாஸில் 60 பேர்னா, 9 பெட்டிக்குள்ள அடைக்கணும். ஏதாவது ஒரு பெட்டியில் குறைஞ்சது 7 பேர் இருந்தே ஆகணும். அந்த 7 பேருக்கும் ஒரே சப்ஜெக்ட்லயா அரியர்?

கூரத்தில் கிடைச்ச பல்லவர் செப்பேட்டிலும் எண் இருக்கு. ஏழாம் நூற்றாண்டு, முதலாம் பரமேஸ்வரவர்மன் காலம். ஒரு ஊரை 25 பங்காக்கி, கோயிலுக்கு 3, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் 1, பாரதம் வாசிக்க 1, மீதி 20 வேதம் படிச்சவங்களுக்குன்னு பிரிச்சிருக்காங்க. எண்ணுக்கு அங்கே வேலை, கணக்கு பார்க்கிறது.

"அப்போ கணக்கால எதிர்காலத்தைச் சொல்லவே முடியாதா?"ன்னு கேட்பீங்க. பேஷா முடியும். 2031 மே 21-ல் மதுரைப் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரியும். தேதி தவறினா கணக்கு தப்புன்னு யார் வேணா சொல்லலாம். அந்த ரிஸ்க்கை எடுத்துக்கிட்டுத்தான் கணக்கு பேசுது.

எல்லா விஷயத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. அதே காஞ்சிபுரம் மாவட்டத்துல உத்திரமேரூர் போய்ப் பாருங்க. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919, 921. முப்பது குடும்பு. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. அதை வாங்குற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரிச்சு உள்ளங்கையில்தான் வாங்கணும். உஷார் பார்ட்டிங்க! (நிலம் இல்லாதவங்க பேருக்குக் குடத்தில் இடமில்லை, அதையும் சொல்லணும்.) குடத்தில் 20 ஓலை இருந்தா ஒவ்வொருத்தருக்கும் வாய்ப்பு இருபதில் ஒண்ணு. கணக்கு அதோட நிறுத்திக்கும். யார் பேர் வரும்னு ஒருத்தராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதுக்காகத்தானே அந்தக் குடம்!

நியூமராலஜி எங்கேயும் நிறுத்திக்கிறதில்லை. ஜெயிச்சா எண் கொடுத்தது, தோத்தா கிரகம் கெடுத்தது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2001-ல் இங்கிலீஷ் பேரில் கடைசியா ஒரு 'ஏ' கூட்டினாங்க. எண் கணிதம்னு ஊரே பேசிச்சு. அதுக்கப்புறம் 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியும் கையை விட்டுப் போச்சு, 2006-ல் ஆட்சியும் போச்சு. 2011, 2016-ல் ஜெயிச்சாங்க. ஒத்தை 'ஏ' காலத்துல? 1991-ல் வெற்றி, 1996-ல் தோல்வி. இதில் அந்த 'ஏ' என்ன வேலை பார்த்துச்சுன்னு நீங்களே தேடிப் பாருங்க.

சரி, நம்ம கையெழுத்து நண்பருக்கு வருவோம். பாஸ், பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு 'ஏ', டிகிரியில் ரெண்டு 'ஏ' இருந்தா, வேலைக்குச் சேர்றப்போ சர்ட்டிபிகேட் சரிபார்க்கிறவர் முதல்ல அதைத்தான் கேட்பார். பேரை முறைப்படி மாத்தணும்னா தமிழ்நாடு அரசிதழில் வெளியாகணும். அதுக்குத் தனியா விண்ணப்பம், தனியா கட்டணம். அந்தக் காசுக்கு அரியர் ஃபீஸ் கட்டிடலாம்.