மாலூர் தடத்தில் போன முதல் படம்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் ‘கீசகவதம்’. மோட்டார் வண்டிகளும் உதிரிபாகங்களும் விற்றுவந்த ஆர். நடராஜ முதலியார் சென்னை மில்லர்ஸ் சாலையில் எடுத்தது. வெளிவந்தது 1916 என்பாரும் உண்டு, 1918 என்பாரும் உண்டு. படம் மிஞ்சியிருந்தால் இந்த வழக்கே வந்திராது. இந்தி எழுத்து அட்டைகளை எழுதித் தந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ். அந்த அட்டைகளும் இல்லை.

பேரிகை ஊரிலிருந்து வரும் எங்கள் இதழ் இதைப் பேசக் காரணம் உண்டு. படச்சுருளில் உருவத்தைத் தாங்குவது ஜெலட்டின் பூச்சு. கழுவும் கரைசல் சூடேறினால் அது ஊறி இளகி, பிடித்த உருவத்தோடு உரிந்து வந்துவிடும். சென்னை வெயில் இதற்கு ஆகாது என்று முதலியார் பெங்களூரில் லேப் வைத்தார். வாரக் கடைசியில் அங்கே போய்ச் சுருளைக் கழுவிவிட்டு, திரும்பி வந்து படம்பிடிப்பார். சென்னை–பெங்களூர் ரயில் தடம் அன்றும் நம் மாலூர் வழிதான். தமிழ் சினிமாவின் முதல் முகங்கள் தெளிந்து வந்தது நாம் அன்றாடம் அனுபவிக்கும் இந்தக் குளிரில். ஓசூரில் வண்டி பாகம் செய்கிற பிள்ளைகளுக்கு இந்த வியாபாரியின் கதையை யாரும் சொல்லவில்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

மௌனப் படங்களின் அழிவுக்குப் பல வழிகள். நைட்ரேட் சுருள் சட்டெனத் தீப்பிடிக்கும். தீயே படாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். 1931-இல் பேசும்படம் வந்ததும் பழைய சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றார்கள். முதலியாரோ ஸ்டூடியோவில் தீ, மகனின் மரணம் என அடுத்தடுத்து அடிபட்டு 1923-இல் தொழிலையே விட்டார். தெற்கே தப்பியது 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’. அந்தப் படத்துக்கு மூலமான நாவலைப் பதிப்பித்த கமலாலயா பதிப்புரிமை வழக்குப் போட்டதால் பிரதி அவர்களிடம் முடங்கிக் கிடந்து, பின்னாளில் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. காப்பாற்றியது வழக்கு, கலைமேல் நாம் வைத்த மதிப்பு அல்ல.

ஓசூர், கிருஷ்ணகிரி, பாகலூர், மாலூர் வட்டாரத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் தகர டப்பாவோ, நோட்டீஸோ, பாட்டுப் புத்தகமோ கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சுருளை வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்க வேண்டாம். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். புனே காப்பகத்துக்குத் தெரிவியுங்கள். எங்களுக்கு ஒரு கடிதம் போட்டாலும் போதும், நேரில் வருகிறோம்.